டாக்டர் சொன்னது

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுடி" என்றாள் கேப்டன் அக்கா. பதுளையில் ஒரு பாடசாலையின் எட்டாம் வகுப்பு அறை. போட்டிக்கு வந்த எங்களுக்கு அன்று அதுதான் உடை மாற்றும் இடம். மேசைகளைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, டீச்சரின் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வலது கால் என் மடியில் கிடந்தது. முழங்கால் வீங்கிப்போய் முட்டிச் சிரட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பஜாரில் வாங்கிய பழுப்பு நிறக் கட்டுத்துணியை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெளியே மைதானத்தில் யாரோ தகர டின்னைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். "வலிக்குதா அக்கா?" என்று கேட்டேன். "வலிச்சா என்ன, டாக்டரே பரவாயில்லன்னுட்டாரே. நீ கட்டு" என்றாள். நான் தலையை இன்னும் குனிந்துகொண்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவர் என்ன சொன்னார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அவளுடைய சிறுவயதிலேயே அப்பா தவறிவிட, அம்மா கொழுந்து பறித்து வளர்த்த ஒரே பிள்ளை. உயர்தர வகுப்பு படிக்க பதுளைக்கு வந்து விடுதியில் தங்கியிருந்தாள். நான் டவுன்காரி. என் அப்பா பஜாரில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தார். கடைக்குப் பின்னால் சிங்களக் குடும்பங்களுக்கு நடுவில் எங்கள் வாடகை வீடு. அதனால் எனக்குச் சிங்களம் விளையாட்டுப்போல வந்தது. தோட்டத்துப் பாடசாலையிலிருந்து வந்த அக்காவுக்கு பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லவும் கடையில் விலை கேட்கவும் போதுமான அளவுதான் தெரியும். என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஒரு முழம் உயரமானவள். தோட்டத்தில் அவளைத் தென்னமரம் என்று கூப்பிடுவார்களாம். கூன் போட்டு நடக்கப் பழகியிருந்தவள், எங்கள் பாடசாலையின் சிமெந்துத் தரையில் பந்தைத் தொட்ட பிறகுதான் முதுகை நிமிர்த்தினாள் என்று அவளே சொல்வாள்.

மற்றப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் வலைப்பந்து ஆடினார்கள். எங்களுக்குக் கூடைப்பந்து வாய்த்ததற்குக் காரணம், எப்போதோ யாரோ நட்டுவிட்டுப் போன ஒரு கம்பமும் துருப்பிடித்த வளையமும்தான். ஒற்றை வளையம். அதனால் முதன்முதலாக வெளியே போட்டிக்குப் போனபோது, எதிர்ப்பக்கத்திலும் ஒரு வளையம் இருப்பதைப் பார்த்துத் தடுமாறி எங்கள் கூடைக்குள்ளேயே நான் பந்தைப் போட்டேன். எதிரணிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா வந்து என் தோளில் கைபோட்டு, "போட்டது நல்லாத்தான் போட்ட. அடுத்தத அந்தப் பக்கம் போடு" என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்கு யார் என்று சொல்ல எந்த உறவுமுறையும் சரியாக வரவில்லை. கேப்டன் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். பிறகு பாடசாலையே அப்படிக் கூப்பிட்டது.

அந்த ஆட்டம் எங்களை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று இப்போது பலரும் என்னிடம் கேட்கிறார்கள். பத்திரிகைக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். ஏதோ பதில் சொல்லி வைப்பேன். உண்மையான காரணம், மைதானத்துக்கு வெளியே எங்களுக்கு அனுமதியில்லாத எல்லாவற்றையும் அந்தக் கோட்டுக்குள் செய்ய முடிந்ததுதான். குதிக்கலாம். தொண்டை கிழியக் கத்தலாம். இரண்டு கைகளையும் அகல விரித்து, இந்த இடம் என்னுடையது, வந்து பார் என்று நிற்கலாம். ஒருமுறை விடுமுறைக்கு அக்காவோடு அவள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் அவள் பந்தைத் தட்டிக்காட்ட, வேலை முடிந்து வந்த பெண்கள் கூடையின் தலைப்பட்டியைக் கழற்றாமலே நின்று பார்த்தார்கள். "ஆத்தாளுக்கு முதுகுல கூடை, மகளுக்கு ஆகாசத்துல கூடையா?" என்று ஒருத்தி கேட்க எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இத வச்சு என்ன செய்யப் போற?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் போலிருந்தது அடுத்த வருடம். கொழும்பிலுள்ள ஒரு பெரிய நிறுவனம் பெண்கள் அணியொன்றைக் கட்டுகிறது என்றும், மாகாண இறுதிப்போட்டியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றும், பிடித்துப்போனால் கையோடு வேலை கொடுத்து அழைத்துப்போவார்கள் என்றும் விளையாட்டு சொல்லித்தரும் சேர் சொன்னார். பகலில் வேலை, மாலையில் பயிற்சி, தங்க இடம், மாதச் சம்பளம். பந்து ஆடுவதற்கு ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று அதுவரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. அன்று மாலை பயிற்சி முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இருட்டும்வரை அந்தக் கம்பத்தைச் சுற்றியே உட்கார்ந்து, கொழும்பில் என்ன சாப்பிடுவோம் என்பதுவரை பேசினோம். அக்கா மட்டும் ஒன்றுதான் சொன்னாள். "அம்மாவ மலையிலேருந்து எறக்கிரணும்டி."

இறுதிப்போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது மழை ஈரம் காயாத தரையில் அக்கா குதித்து இறங்கினாள். கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் திரும்பியது. மறுநாள் நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சேருக்கு வகுப்பு இருந்தது. எனக்குச் சிங்களம் தெரியுமே, போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். டாக்டர் இளைஞர், பொறுமையானவர். முழங்காலை மடக்கியும் அசைத்தும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். உள்ளே இருக்கும் நார் பாதி கிழிந்திருக்கிறது போலத் தெரிகிறது. அடுத்த கிழமை எலும்பு கிளினிக்குக்கு வர வேண்டும். அதுவரை கால் ஊன்றி ஓடவே கூடாது. இந்த நிலையில் விளையாடினால் மிச்சமும் அறுந்துவிடும், பிறகு இந்தக் கால் பழையபடி வராது. "அவங்களுக்கு நல்லா வெளங்கப்படுத்துங்க" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

"என்னடி சொல்றாரு?" என்று அக்கா கேட்டாள்.

அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் என்பதை எத்தனையோ வருடங்களாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். தெரியாமல் சொன்னேன், பயத்தில் உளறினேன் என்றெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்ததுண்டு. ஒன்றும் நிற்கவில்லை. நான் குட்டையானவள். பந்தைக் கொண்டுபோய் அக்காவின் கையில் சேர்ப்பதுதான் என் ஆட்டம். அவள் இல்லாவிட்டால் நான் கொடுக்கும் பந்தை எடுத்துக் கூடையில் போட ஆளில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர்களின் கண்ணில் நான் படவே மாட்டேன். இதைத்தான் நினைத்தேன். தெளிவாக நினைத்தேன். "அடுத்த கெழம கிளினிக் வரணுமாம்" என்றேன். அது உண்மை. "வீக்கந்தானாம், ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு நல்லா இறுக்கிக் கட்டிக்கிட்டா ஆடலாமாம், பரவாயில்லையாம்" என்றேன். அக்காவின் முகம் மலர்ந்தது. டாக்டருக்கு இரண்டு கைகளையும் கூப்பினாள். அவள் புரிந்துகொண்டுவிட்டாள் என்று எண்ணி அவரும் தலையசைத்தார்.

போட்டியன்று முதல் பாதி முழுவதும் அவள் ஆடினாள். ஆடினாள் என்பதைவிட நின்றாள் என்பது சரி. நின்ற இடத்திலிருந்தே கைநீட்டிப் பிடித்துப் போட்டாள். ஒவ்வொரு முறையும் பற்களைக் கடித்துக்கொண்டுதான் திரும்பினாள். ஆனாலும் பந்தை அவளுக்கே கொடுத்தேன். மூன்றாவது கால்பகுதியில் நான் உயரமாக எறிந்த பந்தொன்றை எடுக்க அவள் எழும்பினாள். இறங்கும்போது வந்த சத்தம் காய்ந்த தேயிலை மார்க்குச்சியை ஒடிப்பதுபோல இருந்தது. அவள் கத்தவில்லை. தரையில் கிடந்தபடி என்னைத்தான் தேடினாள். நான்கு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது, "நீ போடு, நீயே போடு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போனாள். பந்தைக் கொடுக்க ஆளில்லாமல் நானே போட ஆரம்பித்தேன். வெறி பிடித்தவள்போல ஆடினேன் என்று சேர் பிறகு சொன்னார். ஜெயித்தோம். கொழும்பிலிருந்து வந்திருந்தவர்கள் என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் வார்டுக்குப் போனபோது அக்காவின் அம்மா வந்திருந்தார். தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். விரல்களில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. கட்டிலருகே நின்று மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். "வீங்கின காலோட யாராச்சும் ஓடுவாங்களா? ஒனக்கு ஆட்டந்தான் பெருசாப் போச்சு. ஆத்தாள நெனச்சுப் பாத்தியா?" அக்கா மெதுவாக, "டாக்டர் ஆடலாம்னுதாம்மா சொன்னாரு" என்றாள். "எந்த டாக்டர்டி சொல்லுவாரு? எங்கிட்டயே பொய் சொல்றியா?" என்று அந்த அம்மா கேட்டார். டாக்டரிடமே போய்க் கேட்க இருவருக்கும் சிங்களம் போதாது. அக்கா என்னைப் பார்த்தாள். சந்தேகத்தோடு அல்ல, சாட்சிக்காகப் பார்த்தாள். நான் வாங்கிப்போன தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். பொய்யை உண்மை என்று சொல்லவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. அந்த அம்மா என் மௌனத்தைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். "பாத்தியா, அந்தப் புள்ளையே வாயத் தொறக்கல" என்றார்.

இரண்டு மாதத்தில் நான் கொழும்புக்குப் போனேன். வழியனுப்ப அக்கா கக்கத்தில் கட்டையோடு பதுளை ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். அறுவைச் சிகிச்சைக்கு வெளியூர் போக வேண்டும் என்றார்கள், ஒருமுறை போனாள். கூடவே போய்த் தங்க யாருமில்லை, அம்மா வேலையை விட முடியாது. அடுத்த முறை போகவில்லை. அந்தச் செய்தி எனக்கு வந்தபோது நான் கொழும்பில் என் முதல் போட்டிக்குப் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தேன்.

தொடக்கத்தில் எங்கள் போட்டிகளைப் பார்க்க வந்தவர்கள், மண்டபத்தின் காவற்காரரும் அவருடைய நண்பர்களும்தான். சில நாள் அவர்களும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். பிறகு கூட வேலை செய்யும் பெண்கள் வந்தார்கள். அவர்கள் தங்கைகளைக் கூட்டி வந்தார்கள். ஒருநாள் ஒரு சின்னப் பிள்ளை என் இலக்கத்தைத் தன் சட்டை முதுகில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து நின்றது. வெளிநாட்டுப் பெண்கள் நிரம்பி வழியும் அரங்குகளில் ஆடுவதைப் பிள்ளைகள் கைபேசியில் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் தலை பின்னுவதுபோலவே பின்னிக்கொண்டு பயிற்சிக்கு வந்தார்கள். இப்போது நிறுவனங்கள் சேர்ந்து பெண்களுக்கென்றே போட்டித்தொடர் நடத்துகின்றன. வேலை செய்யத் தேவையில்லை, ஆட்டமே வேலை. ஒப்பந்தம் உண்டு. ஆட்டக்காரர்கள் உட்காரும் வாங்கில் அவர்களோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் உண்டு. யாராவது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஐஸ் பையோடு ஓடுவதுதான் அவளுடைய வேலை. முதன்முதலாக அவள் ஓடியதைப் பார்த்த அன்று நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குள் நான் ஆடி ஓய்ந்து, அதே அணிக்கு உதவிப் பயிற்றுவிப்பாளராகி விட்டிருந்தேன்.

அக்காவின் செய்திகள் வருடத்துக்கு ஒன்றிரண்டாக வந்தன. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்துக்கே போனாள். மடங்காத காலோடு சரிவில் இறங்குவாளாம், பக்கவாட்டாக, ஒரு காலை இழுத்து இழுத்து. கல்யாணம் நடந்தது. மகள் பிறந்த பிறகு கணவன் கொழும்புக்கு வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. ஒரு மழைக்காலத்தில் கூடையோடு உருண்டு விழுந்ததில் இடுப்பும் பிசகியது. அதன்பின் தோட்டத்தின் பிள்ளைக் காம்பரா என்ற அறையில், வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அவளுடைய அம்மா இறந்தபோது எங்களுக்கு ஒரு போட்டி இருந்தது. நான் போகவில்லை.

சென்ற வருடம்தான் போனேன். அதுவும் நானாகப் போகவில்லை. ஊவாப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளை நன்றாக ஆடுகிறாள் என்று ஒரு காணொளியை அலுவலகத்தில் எனக்குக் காட்டினார்கள். பெயரையும் ஊரையும் பார்த்ததும் யார் மகள் என்று புரிந்துவிட்டது. ஒப்பந்தத்தை என்னிடமே கொடுத்தனுப்பினார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைதானே, நீங்கள் பேசினால் சம்மதிப்பார்கள் என்றார்கள்.

மடுல்சீமைப் பாதை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. பஸ்ஸைவிட்டு இறங்கி வெகுதூரம் நடந்தேன். லயத்து வாசலில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முடி நரைத்திருந்தது. பழையபடி முதுகு கூனியிருந்தது. "வாடி டவுன்காரி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். மகள் அம்மாவைவிட உயரம். "சித்திக்கு பிளேன்டி போடு" என்று அவளை உள்ளே அனுப்பினாள். ஒப்பந்தத்தை நான் வரிவரியாக விளக்கினேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. காலில் அடிபட்டால் என்ன என்று அவள் கேட்டாள். வைத்தியச் செலவு முழுக்க நிறுவனத்துடையது, குணமாகும்வரை சம்பளமும் உண்டு என்றேன். "நல்லாத்தான் இருக்கு. நம்ம காலத்துல இதெல்லாம் எங்க இருந்துச்சு?" என்றாள். தேநீரோடு வந்த மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "சித்தி பேச்சக் கேட்டு நட. டாக்டர் ஒண்ணு சொன்னா ரெண்டு தடவ கேளு. நாந்தான் அன்னைக்கு அவர் சொன்னத ஒழுங்கா வெளங்கிக்காம ஆடிக் கெட்டேன். எங்கம்மா சொன்னதுதான் சரி."

அந்தப் பிள்ளையின் முன்னால் அவள் அதைச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன். "நீ தப்பா வெளங்கிக்கல அக்கா. நான் மாத்திச் சொன்னேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்ன வார்த்தைகள், நான் சொன்ன வார்த்தைகள், ஏன் என்பது. குரல் நடுங்கவில்லை. அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அக்கா மடங்காத காலைக் கையால் தூக்கி நேராக வைத்துக்கொண்டாள். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

"கால் போனது போகட்டும்" என்றாள் கடைசியில். "எங்கம்மா சாகுற வரைக்கும் நான் அதுகிட்ட பொய் சொன்னேன்னுதான் நெனச்சுச்சு. ஒரே காம்பரால இருந்துக்கிட்டு எத்தனை வருஷம் எங்கூட மூஞ்சி குடுத்துப் பேசல தெரியுமா? சாகுறப்ப கூட கேட்டுச்சு, 'இப்பவாச்சும் சொல்லு, டாக்டர் அப்படிச் சொன்னாரா'ன்னு. எனக்கே சந்தேகமாப் போயி, 'இல்லம்மா, நாந்தான் பொய் சொன்னேன்'னுட்டேன். அது நிம்மதியாப் போவட்டுமேன்னு."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"நீ ஒரு எட்டு வந்து சொல்லியிருக்கலாம். அதுக்குத்தான் பஸ் ஓடுதே" என்றாள். பிறகு ஒப்பந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓரம் ஒத்து அடுக்கி, என் கையில் கொடுத்தாள். "இருட்டுறதுக்கு முன்ன போ. கடைசி பஸ் போயிரும்."

மகள் பின்னால் வரப் பார்த்தாள். அக்கா அவள் பெயரைச் சொல்லி ஒரே ஒருமுறை கூப்பிட்டாள். அவள் நின்றுவிட்டாள். நான் தனியாக இறங்கி வந்தேன்.

மூன்று மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தின் அணிப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயர் வந்தது. அக்காவே காலை இழுத்துக்கொண்டு கொழும்புவரை வந்து, அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் கையெழுத்து வைத்தாளாம். அங்கே வேலை செய்யும் ஒரு தோழி சொன்னாள். நான் அழைத்தால் அக்கா தொலைபேசியை வைத்துவிடுவாள். இப்போது நான் அழைப்பதில்லை. நான் வேலையை விடவில்லை. விட்டுவிடலாம் என்று அன்று திரும்பிய பஸ்ஸில் நினைத்தேன். பதுளை வந்து சேர்வதற்குள் அந்த நினைப்பும் போய்விட்டது.

வரும் சனிக்கிழமை எங்கள் அணிக்கும் அவர்கள் அணிக்கும் போட்டி. எல்லா இருக்கைகளுக்கும் சீட்டு விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். அக்கா வருவாளா தெரியாது. அந்தப் பிள்ளையைத் தடுக்க வழி பார்க்கச் சொல்லி அவளுடைய காணொளிகளைத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் என்னிடம் தந்தார். மற்றவர்களுக்கு அவள் ஆட்டம் பிடிபடவில்லை. வலது தோளைக் காட்டி ஆளை ஏமாற்றிவிட்டு, கடைசி நொடியில் இடது பக்கமாகத் திரும்பிப் போடுகிறாள். திரும்பும் முன் முகவாய் ஒரு இம்மி மேலே எழும்பும். அவளுடைய அம்மாவுக்கும் அப்படித்தான் எழும்பும். இதை அறிந்த வேறு யாரும் இந்த ஆட்டத்தில் இல்லை. நேற்றைய பயிற்சியில் எங்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அதைச் சொல்லிக்கொடுத்தேன். முகவாயைப் பாருங்கள், தோளைப் பார்க்காதீர்கள் என்றேன். இரண்டு முறை செய்தும் காட்டினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.